மாதையனை வெளியே கூப்பிட்ட மாமாவுக்கு

என்றும் என் அன்புக்குரிய மாமாவுக்கு,

கோவிந்தன் எழுதுகிறேன். உங்கள் மனைவியின் தம்பி, தருமபுரிப் பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஊரும் கேட்கப் போகிறது, அதனால் சொல்லிவைக்கிறேன். நீங்கள் அரூருக்குப் போன பிறகு உங்கள் பேருக்கு நான் ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. அக்காவுக்கு எழுதுவேன், கடைசி வரியில் ‘மாமாவுக்கு என் நமஸ்காரம்’ என்று முடிப்பேன். ஊரார் நிலத்துக்கும் வீட்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவனுக்கு உங்களுக்கு எழுத ஒரு வரிதான் கிடைத்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வாசகசாலையில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறார்கள். சோடாக்கடை மாணிக்கமும் தையல்கார காதர் பாயும் என்னிடம் வந்தார்கள். “ரைட்டரே, டிரில் வாத்தியாரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி நீங்களே படிச்சுடுங்க. ஊருக்குள்ள உங்க கையெழுத்துக்குத்தான் மதிப்பு” என்றான் மாணிக்கம். தலையை ஆட்டினேன். கொஞ்சம் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தப் பத்து நிமிசத்த மட்டும் உட்டுடுங்க. செத்தவங்க தப்ப எதுக்குக் கெளறிக்கிட்டு?” என்றான்.

“தப்புன்னு நீ எப்படிச் சொல்லுவே?” என்றார் காதர் பாய்.

அவ்வளவுதான் மாமா. இழவு கேட்க வந்தவர்கள் என் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அந்தப் பழைய புட்பால் ஆட்டத்தை மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். “ஒரு கோல் முன்னால இருக்கிறோம், பத்து நிமிசம் பாக்கி, கோல் போட்டவனயே வெளிய கூப்புடுவாங்களா?” என்கிறான் மாணிக்கம். “முன்னால ஆட வாணாம்னா பின்னால நிறுத்தியிருக்கலாமில்ல? பத்துப் பேர வெச்சு ஆடச் சொன்ன மகராசன் உலகத்துல இவரு ஒருத்தருதான்.” காதர் பாய் விடவில்லை. “வாத்தியாரு காரணமில்லாம ஒரு விசிலுகூட ஊத மாட்டாருய்யா.” “அப்படின்னா காரணத்த சொல்லியிருக்கலாமே? வாசகசாலையில அத்தன பேரு கேட்டோமே, வாயத் தொறந்தாரா?” வேறு ஊர்களில் இப்படி அடித்துக்கொள்ள எத்தனையோ விஷயம் இருக்கிறது. சுதந்திரம் வந்துவிட்டது, மொரப்பூர் சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அரிசிக்குக் கார்டு தூக்கிக்கொண்டு நிற்கிறோம். நம் ஊர் ஆட்கள் மட்டும் அந்த மைதானத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

இரண்டு பேரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். “நீங்க சொல்லுங்க ரைட்டரே, அவரு உங்க மாமாதானே?” நான் மைக்கூட்டைத் திறந்து மூடினேன். ஸ்டாம்பு வாங்க ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி எழுந்துபோனேன். வாசலில் ஆள் யாரும் இல்லை.

அந்த இரண்டு பக்கத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நல்லவர், ஒழுக்கமானவர், பிள்ளைகளுக்குக் கையும் காலும் நிமிர்த்தக் கற்றுக்கொடுத்தவர் என்றெல்லாம் எழுதலாம், எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டு உங்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அது உங்கள் தப்பு இல்லை, என் தப்பு. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். போன மாசம்தான் நாலாவது ஆள் இருப்பது தெரிந்தது.

நம் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தார்கள். அந்த ஆட்டம் நடந்தபோது சட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போலீஸுக்குப் புதுச்சட்டத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. வாயைத் திறந்து ஊதச் சொல்லி, வாடை வந்தால் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் பெண்ணாகரம் பக்கத்திலிருந்து பாகப்பத்திரம் எழுத வந்த ஒருவர், அண்ணன் தம்பி சண்டை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன் என்ற சந்தோஷத்தில், துணியில் சுற்றி ஒரு சீசா கொடுத்துவிட்டுப் போனார். காட்டுச் சாராயம். எனக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாது. கொட்டவும் மனசு வரவில்லை. பழைய நகல் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நீங்கள் பழக்கின நம் ஊர் டீமுக்குக் கிருஷ்ணகிரி டீமோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம். நீங்கள் பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம், எங்கள் வீட்டில் பெண் எடுத்ததால் எங்கள் ஊர் மாப்பிள்ளை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். முந்தின வாரம் மாதையனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வத்தல்மலை அடிவாரத்தில் சாமை விதைக்கிறவன், வெறுங்காலில் அவன் அடிக்கிற பந்துக்கு நம் ஜில்லாவில் பதில் கிடையாது. நீங்கள் அவனிடம், “முடிஞ்ச வரைக்கும் ஆடு மாதையா, வலிச்சா நீயா என்கிட்ட சொல்லிடு” என்று சொன்னதை நானே கேட்டேன். பாதி ஆட்டம் வரை அவன் காலை இழுத்து இழுத்துத்தான் ஓடினான். கோல் எதுவும் விழவில்லை.

இடைவேளையில் நீங்கள் எல்லாருக்கும் எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் மாணிக்கத்திடம் ஒரு சோடா வாங்கினேன், லோட்டாவில் ஊற்றினேன், மடியில் கொண்டுவந்திருந்த சீசாவை அதில் பாதிக்கு மேல் கவிழ்த்தேன். மடியில் கொண்டுவந்திருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்து எடுத்து வந்தது அது. வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மாதையனிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

“வலிக்கு மருந்து. மூச்சப் புடிச்சுக்கிட்டு குடி.”

அவன் மோந்து பார்த்தான். “ஏனுங்க ரைட்டரே, இது அந்த வாடையில்ல அடிக்குது?”

“மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். கோப்பைய நம்ம ஊருக்குக் கொண்டாரணுமா வாணாமா?”

அவன் குடித்தான்.

அதற்குப் பிறகு அவன் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். வலி எங்கே போனதோ, மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய்ப் போட்டானே ஒரு கோல், மைதானமே எழுந்து நின்றது. நான் துண்டைச் சுழற்றிக் கத்தினேன். ‘என் மருந்து, என் மருந்து’ என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை கால் மணி நேரம் இருந்திருக்குமா? அவன் சிரிக்க ஆரம்பித்தான். எதிர் டீம் ஆளின் தோளில் கை போட்டான். பந்து ஒரு பக்கம் போக அவன் ஒரு பக்கம் போனான். பந்தை எறிவதற்காகக் கோட்டருகே வந்தவன் உங்கள் மேல் சாய்ந்து நின்றான். உங்கள் முகம் மாறினதை நான் பார்த்தேன் மாமா. நீங்கள் அவன் வாயருகே குனிந்தீர்கள், பிறகு தலையைத் திருப்பி மேஜைப் பக்கம் பார்த்தீர்கள். மேஜையில் கோப்பை இருந்தது. அதற்குப் பின்னால், பரிசு கொடுக்க வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் இருந்தார். ஜெயித்தால் கோல் போட்டவனைத்தான் முதலில் கூப்பிட்டுக் கை குலுக்குவார்.

நீங்கள் ரெப்ரியிடம் கையைக் காட்டினீர்கள். அப்போதெல்லாம் ஒருவன் வெளியே வந்தால் வந்ததுதான், அவன் இடத்துக்கு வேறு ஆள் போக முடியாது. மாதையனை வேலிக்குப் பின்னால் கூட்டிப்போய், உங்கள் கோட்டைக் கழற்றி அவன் தலையோடு போர்த்தி, யாரோ ஒருவர் வண்டியில் ஏற்றி மலையடிவாரத்துக்கு அனுப்பினீர்கள். திரும்பி வருவதற்குள் ஒரு கோல் வாங்கியிருந்தோம். விசில் ஊதுவதற்கு முன் இன்னொன்று.

ஒரு மனிதன் பத்து நிமிஷத்தில் அத்தனை பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாதையனை ஜெயிலிலிருந்து, டீமை அவமானத்திலிருந்து. மூன்றாவது ஆள் நான், ஆனால் அது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டதால்தான் பிறகு நடந்ததெல்லாம் என்னால் முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் உங்களைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டோம். ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்குப் பிறகும் அது நம் வழக்கம்தான், நீங்கள் ஏற்படுத்தினது. “ஆட்டம் பாக்கறவங்களுக்கும் கேக்கறதுக்கு உரிமை இருக்குது” என்று சொல்லி, பெஞ்சியில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்வீர்கள். நான் அதைக் கேள்வி பதிலாக நம் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதிக் கயிற்றில் கட்டி வைப்பேன். மற்ற நாளில் பத்துப் பேர் வருவார்கள். அன்றைக்கு ஜன்னலிலெல்லாம் ஆள்.

முதல் கேள்வி நான்தான் கேட்டேன். அதற்கு முன்னால் ஒரு நாளும் உங்களை ‘மாமா’ என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அன்றைக்கு, “வாத்தியாரே” என்றேன். மாமன் மைத்துனன் என்று பார்க்கமாட்டான் கோவிந்தன், கேள்வி என்றால் கேள்விதான் என்று ஊர் சொல்ல வேண்டும் என்பது வெளிக்காரணம். எவன் அதிகம் சத்தம் போடுகிறானோ அவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்பது உள்காரணம்.

“கடைசிப் பத்து நிமிசத்துல மாதையன ஏன் வெளிய கூப்பிட்டீங்க?”

“எனக்குச் சரின்னு பட்டுதுங்க, கூப்பிட்டேன்.”

“பதினோரு பேரு ஆடற ஆட்டத்துக்குப் பத்துப் பேரு போதும்னு பட்டுதுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்து, “முடிவு என்னுது. தோத்ததும் என்னாலதான். பசங்கள ஒன்னும் சொல்லாதீங்க” என்றீர்கள்.

காதர் பாய் எழுந்து நல்ல மனசோடு ஒரு வழி காட்டினார். “அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா வாத்தியாரே?” ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கூட்டம் கலைந்திருக்கும். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீங்கள் “அதப் பத்தி நான் ஒன்னுஞ் சொல்றதுக்கில்ல பாய்” என்றீர்கள். பொய் உங்களுக்கு வரவில்லை, நிஜத்தைச் சொல்ல வழியில்லை.

அதற்குப் பிறகு யார் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் முக்கியமில்லை. “பொறந்த ஊருப் பாசமுங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நீங்கள் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். கேள்விகளை முழுசாக எழுதினேன், பதில்களைச் சுருக்கினேன். பசங்களை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று நீங்கள் சொன்னதை இடமில்லை என்று விட்டுவிட்டேன். இடம் இருந்தது. பிறந்த ஊர்ப் பாசமா என்ற அந்தக் கடைசிக் கேள்விக்குக் கீழே ‘பதில் இல்லை’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘சபையில் சிரிப்பு’ என்றும் சேர்த்தேன். அந்தக் கேள்விக்கு யாருமே சிரிக்கவில்லை மாமா. அந்த இரண்டு வார்த்தையை நான் என் கையிலிருந்து போட்டேன்.

பத்திரத்தில் ஒரு எல்லை விட்டுப்போனால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரும் என்று தெரிந்தவன் நான். என் கையெழுத்தில் இருந்தால் அது நிஜம் என்று ஊர் நம்புகிறது என்பதும் எனக்குத் தெரியும். வாசகசாலைக்கே வராதவர்கள்கூட வந்து அந்தப் பக்கத்தைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நேற்று போய்ப் பழைய கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மற்ற பக்கமெல்லாம் புதுசு போல இருக்கிறது, அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துத் தேய்ந்திருக்கிறது.

பிறகு உங்களுக்குப் ‘பத்துப் பேர் வாத்தியார்’ என்று பேர் வந்தது. சந்தைக்குப் போனால் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் வரிசை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் பத்தோடு நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கப் போன அக்காவிடம், “ஏனக்கா, உங்க வூட்ல ஒலை வெச்சாலும் பத்துப் பேருக்குத்தானா?” என்று ஒருத்தி கேட்டாளாம். அக்கா அந்தக் கிணற்றுக்கு அப்புறம் போகவே இல்லை. டீம் ஆட்கள் சாயங்காலம் மைதானத்துக்கு வருவது குறைந்தது. ஒரு நாள் நீங்கள் மட்டும் போய், பந்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் வந்ததைத்தான் நான் மறக்கப் பார்க்கிறேன். மத்தியானம், ஆபீஸ் வாசலில் கூட்டம் இல்லாத நேரம். என் முன்னால் பாயில் உட்கார்ந்தீர்கள்.

“மாப்ளே, மாத்தல் கேட்டு ஒரு மனு எழுதணும். அரூர்ல டிரில் வாத்தியார் எடம் காலியா இருக்குதாம்.”

“எதுக்கு மாமா? இங்கயே இருக்கலாமே” என்று ஒப்புக்குச் சொன்னேன்.

“உங்க அக்காளுக்கு இங்க சரிப்படல.”

எழுதினேன். ‘குடும்ப சௌகரியத்தை முன்னிட்டு’ என்று காரணம் போட்டேன். படித்துக் காட்டினேன். நீங்கள் கேட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்தீர்கள். “வேற எதுனா எழுதணுமா மாப்ளே?” என்றீர்கள். “போதும் மாமா, இதுவே ஜாஸ்தி” என்றேன். “யோசிச்சுப் பாரு” என்றீர்கள். “யோசிக்க என்ன இருக்குது?” என்று மனுவை மடித்து உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எனக்கு உங்கள் சாவு வரைக்கும் ஆனது.

ஜெயில் பயம்தானே, அதைச் சொல்லித் தப்பிக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. யுத்தம் நடந்தபோது கடைகளை மறுபடி திறந்தார்கள். பட்டப்பகலில் குடித்துவிட்டுச் சந்தையில் விழுந்து கிடந்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் சொல்லியிருந்தால் எவனும் என்னைப் பிடித்திருக்க மாட்டான், மாதையனையும் தொட்டிருக்க மாட்டான். அப்போதும் சொல்லவில்லை. இப்போது கடைகளை மறுபடியும் மூடிவிட்டார்கள். நடுவில் எத்தனை பொங்கல் வந்தது, எத்தனை தடவை நீங்களும் அக்காவும் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீர்கள்? நீங்கள் சாப்பிட்ட இலையை எடுத்துவிட்டு நான் வெற்றிலை நீட்டியிருக்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்து ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

போன மாசம் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று ஆள் வந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டுவந்தேன். எல்லார் முன்னாலும் அக்கா வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரத்தில் மாதையன் வந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது, ஒரு சிறு மூட்டையில் சாமை கொண்டுவந்திருந்தான். உங்கள் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அன்னிக்கி என்னைய வண்டியில ஏத்தி உட்டப்போ, யாருகிட்டயும் வாயத் தொறக்காதடான்னு சத்தியம் வாங்கிக்கிட்டாருங்க. நானும் தொறக்கல. நீங்க மருந்துன்னு சொன்னீங்க, ஆனா வாடைய வெச்சே எனக்குந் தெரியும். கோப்பை ஆசையில குடிச்சுப்புட்டேன். உங்களைய மட்டும் குத்தஞ் சொல்ல மாட்டேனுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இப்பவாச்சும் சொல்லிப்புடலாமுங்களா ரைட்டரே? அவரு பேரு ஊருக்குள்ள அப்படியே கெடக்குதே.”

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? “கருமாதி வூட்ல இதெல்லாம் எதுக்கு மாதையா? அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன். அவன் “சரிங்க” என்றான். சாப்பிடச் சொன்னேன், பசியில்லை என்று போய்விட்டான்.

நான் திரும்பினால் அக்கா பின்னால் நிற்கிறாள். கேட்டிருக்கிறாள். நான் “அக்கா, ஒன்னு சொல்லணும்” என்றேன்.

“தெரியும்டா” என்றாள். “ஆட்டம் நடந்த அன்னிக்கே மாதையன் அவருகிட்டச் சொல்லிட்டான். அவரு என்கிட்டச் சொன்னாரு.”

“அன்னிக்கேவா? தெரிஞ்சுக்கிட்டேவா வாசகசாலையில என் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தாரு?”

“நீ எப்ப நிறுத்துவேன்னு பாத்தாராம்.” அக்கா அழவில்லை. “பத்திரம் எழுதற கை, ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா அந்தக் கைய யாரு நம்புவாங்க, அவனுக்கு வேற என்ன தொழில் தெரியும்னாரு. நான் ஊர்ல போயிச் சொல்றேன்னு கெளம்பினேன். வாசப்படிய மறிச்சு நின்னாரு. அவனா வந்து சொல்லுவான், அதுவரைக்கும் நீ வாயத் தொறந்தா என்னைய உசுரோட பாக்க முடியாதுன்னாரு. நீ வருவே வருவேன்னு கடைசி வரைக்கும் பாத்தாரு.”

“அக்கா…”

“சொல்லியிருந்தா உனக்கு நாலு மாசமோ ஆறு மாசமோ ஆயிருக்கும். அவருக்கு ஆயுசு பூரா ஆயிடுச்சு.” அவள் உள்ளே போனாள். போகிற வழியில் நின்று, “கோடிய முறைக்கு வாங்கிக்கிட்டேன். நீ சொல்லாத வரைக்கும் இந்த வூட்டுக்கு வராத” என்றாள்.

ஊர் திரும்பின பிறகும் நாலு நாள் பேசாமல்தான் இருந்தேன், மாணிக்கமும் காதர் பாயும் வருகிற வரைக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிடுங்கள் என்று அவன் சொன்னபோது முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. சரி, இரண்டு பக்கத்தில் நல்லதாக எழுதிவிடலாம், ஊரும் பெருந்தன்மையாக உங்களை மன்னித்துவிடும், எல்லாம் முடிந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நீங்கள் செய்யாத தப்புக்கு உங்களுக்கு மன்னிப்பு, அதை எழுதிக் கொடுப்பவன் நான். அந்த நினைப்பு வந்த பிறகுதான் எனக்கே என் முகத்தில் விழிக்க முடியாமல் போனது. மாதையனுக்கு ஆள் அனுப்பினேன். அவன் பேரை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதச் சொல்லுங்க, நானும் வர்றேன்” என்று சொல்லியனுப்பியிருக்கிறான். அவனுக்கு அன்றைக்கே தைரியம் இருந்தது. நீங்கள் வாங்கின சத்தியம்தான் அவனை நிறுத்தியது. என்னை நிறுத்த எந்தச் சத்தியமும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் மாமா, இதையும் சேர்த்துத்தான் படிக்கப் போகிறேன். நான் வந்து சொல்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள் என்று முதலில் எழுதினேன். படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், பாவம் கோவிந்தன் என்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன், அது பொய். நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் நீங்கள் போவதற்காகக் காத்திருந்தேன். உங்கள் சாவுச் செய்தி வந்த அன்று அழுவதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டேன், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நீங்கள் அன்றைக்கே கொடுத்துவிட்டீர்கள், அதை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் சௌகரியமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு வரி விடாமல் நானே படிப்பேன். என் பேர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டேன். அவர்கள் என்ன கேட்டாலும், எவ்வளவு நேரம் கேட்டாலும், எழுந்து போக மாட்டேன். அதற்குப் பிறகு பத்திரம் எழுத என்னிடம் யாரும் வராவிட்டால், வரவில்லை என்று ஆகட்டும். திங்கட்கிழமை காலையில் அரூருக்கு வந்து வாசலில் நின்று, “சொல்லிட்டேன் அக்கா” என்பேன். அவள் உள்ளே வா என்று கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிடாவிட்டால் அடுத்த மாசமும் வருவேன், அதற்கு அடுத்த மாசமும் வருவேன். இந்தத் தடவை காத்திருக்க வேண்டியது நான்தான்.

சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லாவிட்டாலும் வேறு உறவு சொல்லத் தெரியாத
உங்கள் மைத்துனன்,
கோவிந்தன்